உள்ளே போனவன் யாருடைய இடத்தில் உட்கார்ந்தான்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளையாட்டு உலகத்துக்குள் ஆட்டக்காரனே பாத்திரமாகப் புகுந்துவிடும் கதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் எல்லாக் கதைகளையும் ஒரே கேள்வியால் அளக்கிறார்: அவன் எப்படி வெளியே வருவான்? உள்ளே போனவன் யாருடைய இடத்தில் போய் உட்கார்ந்தான் என்பதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்!

பெரியபுராணத்தில் திருமூலர் வரலாற்றைப் பாருங்கள். சாத்தனூரில் மூலன் என்னும் மேய்ப்பன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் கதறுவதைப் பொறுக்காத சிவயோகியார் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு அவன் உடலில் புகுகிறார். சேக்கிழார் அதோடு நிறுத்தவில்லை. மாலையில் மாடுகள் வீடு சேர்கின்றன; மூலனின் மனைவி கணவனைத் தேடி வருகிறாள். ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்று அவர் விலகிப் போய் மடத்தில் அமர்ந்துவிடுகிறார். அவள் இரவெல்லாம் உறங்காமல் கிடந்து, மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். யோகியார் திரும்பிப் போனாலோ சொந்த உடல் வைத்த இடத்தில் இல்லை! வெளியேற முடியாத தவிப்பு 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் என் மனத்தை விட்டு அகலாதவள் அந்த மனைவிதான்.

‘சுவர்ட் ஆர்ட் ஆன்லைன்’ என்ற ஜப்பானியக் கதையில் இணைய விளையாட்டு ஒன்றுக்குள் பத்தாயிரம் பேர் சிக்குகிறார்கள். ஆட்டத்தில் செத்தால் நிஜத்திலும் சாவு. முதல் நாளே எல்லாருக்கும் அவரவர் சொந்த முகம் திரும்பிவிடுகிறது. அச்சம் கூடுகிறது, சரி. இன்னொருவராக வாழும் சிக்கல் அங்கேயே முடிந்துபோகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது. 1983இல் ஜோயல் ரோசன்பர்க் எழுதிய ‘தி ஸ்லீப்பிங் டிராகன்’ நாவலில் தசைச் சிதைவு நோயால் நடக்க முடியாத மாணவன், விளையாட்டில் தான் ஏற்ற பாத்திரமான வலிமை மிக்க குள்ளனின் உடலுக்குள் போகிறான். அவன் ஏன் திரும்ப ஆசைப்பட வேண்டும்? அந்த நாவலில் தொடங்கும் தொடரில், அப்படி உள்ளே வந்தவர்கள் அவ்வுலகத்து அடிமைகளை ஆட்டக் காய்களாக அல்லாமல் மனிதர்களாகப் பார்த்து, அடிமை வாணிகத்தையே எதிர்க்கத் துணிகிறார்கள். நான் மதிப்பது இப்படிப்பட்ட கதையை.

எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் இப்போது இவ்வகைக் கதைகள் எழுதுகிறார்கள். நான் ஆசையோடு வாங்கிப் படிப்பேன். ஒன்றில் செட்டிநாட்டு வீடே ஆட்டக்களம். நாயகன் அந்த வீட்டு மகனாகப் புகுந்து, முகப்பிலிருந்து வளவு என்னும் உள்முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குச் சாவி தேடி ஓடுகிறான். வளவில் இருக்கும் ஆச்சி துப்பு ஒன்றைச் சொல்லிவிட்டு மறைகிறார். அவ்வளவுதானா? அவன் உடலில் நேற்றுவரை இருந்த மகன் எங்கே? இவன் நடை மாறியது பெற்ற தாய்க்கா தெரியாது? செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டு மகனென்றால், அவர்கள் குலவழி பிரிந்திருக்கும் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்ற கேள்வி உடனே வருமே! ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி. அங்கே பெண் எடுக்க முடியாது. பர்மாவில் தகப்பனார் விட்டுவந்த கணக்கு வழக்கும் இவன் தலையில்தான் விழும். வாளும் மந்திரமும் இல்லாமலே கதை எவ்வளவு இறுகும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தனையும் கையருகே இருக்க, கதை எழுதிய பிள்ளை சாவியைத் தேடிக்கொண்டிருந்தது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவரிடமும் இதைச் சொன்னேன்.

தங்கள் இதழ் அடுத்த முறை அறிபுனைகதைகள் கேட்கும்போது, புகுந்த உடலுக்கு உரியவனின் வீட்டாரையும் எழுதும்படி இளைஞர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூலன் மனைவியின் பக்கமிருந்து யாரேனும் எழுதினால், நீளம் பார்க்காமல் முழுதாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.