கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகளின் வரலாற்றைத் தனி நூலாகத் தாருங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். இந்திய விமானப்படையின் 6ஆம், 8ஆம் ஸ்குவாட்ரன்கள் (விமானப் படையணிகள்) இரண்டும் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில் தொடங்கப்பட்டன. அவற்றின் கதை பெரும்பாலும் அந்த நாளிலிருந்தே சொல்லப்படுகிறது. ஆனால் அவற்றுக்கு ஆள்பலம் தந்தவை, அதற்கு முந்தைய மூன்றாண்டுகள் துறைமுகங்களைக் காத்துவந்த தன்னார்வ ரிசர்வ் படையின் கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள். அந்த மூன்றாண்டுகளுக்கு ஒரு முழுமையான வரலாறு வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1939இல் போர் மூண்டபோது நம் விமானப்படையிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். இவ்வளவு நீண்ட கடற்கரையை அது எப்படிக் காக்கும்? 1914 செப்டம்பரில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன நினைவு ஊரில் அப்போதும் இருந்தது. எனவே தன்னார்வலர்களைக் கொண்டு சென்னை, மும்பை, கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய துறைமுகங்களுக்கு ஐந்து பிரிவுகளும், பின்னர் விசாகப்பட்டினத்துக்கு ஆறாவது பிரிவும் அமைக்கப்பட்டன. முதல் எண் சென்னைக்கே கிடைத்தது.

அவர்களுக்குத் தரப்பட்ட விமானங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை வாப்பிட்டிகள், 1920களில் வடிவமைக்கப்பட்ட, திறந்த இருக்கைகள் கொண்ட, இரட்டை இறக்கை விமானங்கள். பிரிட்டிஷ் படை பயன்படுத்தித் தள்ளியவை அவை. ஒற்றை எஞ்சின் நின்றுவிட்டால் இறங்குவதற்குக் கடலைத் தவிர வேறு இடமில்லை என்று தெரிந்தே அவற்றில் ரோந்து போனார்கள். 1941இல் பெஷாவரில் 2ஆம் ஸ்குவாட்ரனை அமைப்பதற்காகச் சென்னை, கல்கத்தா பிரிவுகளிடமிருந்து அந்த வாப்பிட்டிகளும் பறிக்கப்பட்டன. ஈடாக வந்தவை அட்டலாண்டா எனும் நான்கு எஞ்சின் பயணிகள் விமானங்கள். கொச்சிப் பிரிவோ குமரிமுனைக்கு மேற்கிலும் மலபார்க் கரையிலும் ஒரேயொரு டி.எச்.86 பயணிகள் விமானத்தை வைத்துக்கொண்டு ரோந்து சுற்றியது. இருப்பதை வைத்துக் காவல் காத்த இந்த உழைப்பு, எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்குகளுக்குச் சற்றும் குறையாத மதிப்புடையது என்பது என் உறுதியான கருத்து.

ரிசர்வ் என்பதால் அவர்கள் போர்முனைக்கு வெளியே நிறுத்தப்படவும் இல்லை. கராச்சியின் 4ஆம் பிரிவு 1941 இறுதியில் பர்மாவின் மௌல்மீனுக்கு அனுப்பப்பட்டது. அதன் இடத்துக்குப் பின்னர் சென்ற கல்கத்தாப் பிரிவு, பழைய பிளென்ஹெய்ம் விமானங்களுடன் ரங்கூன் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு வான்காவல் தந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பும், அடுத்த நாளே விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், பின்னர் திருகோணமலையும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. சென்னையிலிருந்து மக்கள் திரள்திரளாக வெளியேறினார்கள். அந்த வாரத்தில் இப்பிரிவுகள் கண்டதும் செய்ததும் நாள்வாரியாகத் தொகுக்கப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வர வேண்டும்.

ஆண்டிறுதிக்குள் எல்லாம் மாறிவிட்டது. மெஹர் சிங்கின் தலைமையில் 6ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் போர் விமானங்களையும், நிரஞ்சன் பிரசாத்தின் தலைமையில் 8ஆம் ஸ்குவாட்ரன் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானங்களையும் பெற்றன. இரண்டும் பர்மா முனையில் பெயர் பெற்றன. தலைவர்களின் பெயர்களை நாடு அறியும். வயர்லெஸ் இயக்கியவர், எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர், துப்பாக்கி ஏந்திப் பின்னிருக்கையில் அமர்ந்தவர் ஆகியோரின் பெயர்கள் அவர்கள் வீட்டாருக்கே தெரியாமல் போயிருக்கலாம்.

2021இல் உங்கள் அமைச்சகம் அறிவித்த கொள்கை, பொதுவாக 25 ஆண்டுகளில் ஆவணங்களை வெளியிட வழி செய்கிறது. இவையோ எண்பது ஆண்டுகளைத் தாண்டியவை. எனவே ஆறு பிரிவுகளைச் சேர்ந்த, கிடைக்கும் செயற்பாட்டுப் பதிவேடுகளை மின்னுருவாக்கி இணையத்தில் இட வேண்டும். அவற்றில் வரும் அனைவரின் பெயர்களையும், பதவி வேறுபாடு பாராமல், ஒரே அகரவரிசையில் தொகுக்க வேண்டும். ஆறு பிரிவுகளுக்குமான தனி வரலாற்று நூல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமன்றி, அந்தத் துறைமுகங்களின் மொழிகளிலும் வர வேண்டும். அந்த வீரர்களின் குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் கடிதங்களையும் புகைப்படங்களையும் பெற்றுக்கொள்ள ஒரு முகவரியையும் அறிவியுங்கள். அந்த அறிவிப்பு மற்றவற்றுக்கு முன்பாகவே வரட்டும்.

இப்படிக்கு,
விமானப்படை வரலாற்றில் ஈடுபாடு கொண்ட சென்னைவாசி ஒருவர்