போகலுக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சனிக்கிழமைதோறும் மயூர் விஹாரிலிருந்து டெல்லியின் போகல் பகுதிக்குப் போய், ஆப்கன் அகதிப் பிள்ளைகளுக்கு இந்தியும் கணக்கும் சொல்லித்தரப் போகிறாய் என்று கேட்டதில் மனசு நிறைந்தது. முதல் நாளே பாடத்தைத் தொடங்கிவிடாதே. பிள்ளை நோட்டை எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்.

ஆப்கானிஸ்தானில் பேசும் தாரி மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். நமக்குக் கடைசிப் பக்கம்தான் அவர்களுக்கு முதல் பக்கம். இதற்கே பள்ளியில் திட்டு விழும். எண்களில் சிக்கல் இன்னும் அதிகம். அவர்கள் எழுத்தில் சுழியம் வெறும் புள்ளி. ஐந்து, தலைகீழ் இதயம் மாதிரி. வேகமாக எழுதினால் நம் சுழியமேதான். பையன் 15 என்று எழுதினால் டீச்சர் கண்ணுக்கு அது 10. அவன் எழுதும் 10, ஒன்றும் ஒரு புள்ளியும். கணக்கு சரியாகத் தெரிந்த பிள்ளைக்கு மக்கு என்ற பெயர் இப்படித்தான் வருகிறது. 0 முதல் 9 வரை இரண்டு வகை எண்களையும் ஒரு அட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது. ஒன்றை நோட்டின் உள் அட்டையில் ஒட்டு, இன்னொன்றை வகுப்பு டீச்சரிடம் கொடு.

பிறந்த தேதியையும் சரிபார். ஆப்கன் சூரிய ஆண்டு மார்ச் 20, 21 வாக்கில் பிறக்கும். அந்த ஆண்டோடு 621 கூட்டு. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை பிறந்த பிள்ளைக்கு 622. 1393 ஹமல் (முதல் மாதம்) 15 என்றால் 2014 ஏப்ரல் 4. அதே 1393, தல்வ் (பதினொன்றாம் மாதம்) 10 என்றால் 2015 ஜனவரி 30. இதில் தப்பினால் பிள்ளை ஒரு வகுப்பு மாறி உட்காரும்.

சேர்க்கைக்குப் போகும்போது 2009 கல்வி உரிமைச் சட்டத்தை மனதில் வை. 6 முதல் 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், பின்தங்கிய பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது பிரிவு 4. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 14. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கு. வாய்வார்த்தையாக மறுத்தால் பிறகு எதையும் காட்ட முடியாது. ஐ.நா. அகதி அட்டை காலாவதியாகும் நாளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து காலண்டரில் குறி.

பேச்சு இந்தி சில மாதங்களில் வந்துவிடும். அதைக் கேட்டு ‘எல்லாம் புரிகிறது’ என்று எண்ணிவிடாதே. தேவநாகரியில் பாடம் படிக்க வருடங்கள் ஆகும். ஆரம்பத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை விட்டுவிடு, அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

நன்றாக இந்தி பேசுகிறானே என்று மகனை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க அனுப்புவார்கள். கூடவே கூடாது. மாதவிலக்கையும் கர்ப்பத்தையும் பத்து வயதுப் பையன் வாயால் எந்தத் தாய் சொல்வாள்? தாரி தெரிந்த ஒரு பெண்ணை முன்கூட்டியே பேசி வை. ஆப்கானிஸ்தானில் என்ன நடந்தது என்று பிள்ளையிடம் நீயாகக் கேட்காதே. அதுவே சொன்னால் கேள்.

வெடிச்சத்தம் அவர்களுக்குப் போரை நினைவூட்டலாம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகச் சொல்லிவிடு: எந்த நாள், ஏன் பட்டாசு வெடிக்கிறார்கள், நள்ளிரவு தாண்டியும் கேட்கும் என்று. தெருப்பக்கம் இல்லாத அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்கச் சொல். அடுத்து வரும் கல்யாண சீசனில் ஊர்வலப் பட்டாசுக்கு முன்னறிவிப்பு இருக்காது. அதையும் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் டெல்லி அக்காமார்