‘தீவிரம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்: மழைச் செய்தி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

செய்தியறைகளில் புயல் நேரத்தில் கண்விழிக்கும் உதவி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கை வந்த ஐந்தாவது நிமிடம் அது தமிழில் ஸ்க்ரோலாக ஓட வேண்டும். அந்த நெருக்கடியில் ஒரு வினைச்சொல் மட்டும் அடிவாங்கிக்கொண்டே இருக்கிறது: ‘இன்டென்சிஃபை’, அதாவது வலுப்பெறுதல்.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு அம்மா போன் செய்தார். “புயல் சின்னம் தீவிரமடைஞ்சிருச்சுன்னு டிவியில ஓடுதே, தீவிரப் புயலாயிடுச்சாப்பா?” ஆகவில்லை. அப்போது அது புயலாகக்கூட ஆகியிருக்கவில்லை. தாழ்வு மண்டலம் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வானிலைக் கணக்கில் ‘தீவிர’ என்பது ஒரு படியின் பெயர். காற்று மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை வீசினால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். ‘இன்டென்சிஃபை’ என்பதோ படியின் பெயர் அல்ல. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறுவது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், புயல் ஏறிக்கொண்டிருக்கிறதா, அந்த உயரத்துக்கே போய்விட்டதா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? சென்னை வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கைகளில் ‘வலுப்பெறக்கூடும்’ என்று நல்ல சொல் இருக்கிறது. அது தலைப்புக்கு வருவதற்குள் ‘தீவிரம்’ ஆகிவிடுகிறது, போகிற போக்கில் ‘கூடும்’ காணாமல் போகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆங்கிலச் சொல் பிறந்ததே இப்படியொரு குழப்பத்தைத் தவிர்க்கத்தான். 1817-இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் அதைப் பயன்படுத்தியபோது, இது அகராதியில் இல்லாத சொல் என்று குறிப்பெழுதி ஒப்புக்கொண்டார். நியூட்டன் காலத்தில் அந்தப் பொருளுக்கு ‘இன்டெண்ட்’ என்ற சொல் இருந்தது. ஆனால் அது ‘நோக்கம் கொள்ளுதல்’ என்ற வேறு பொருளுக்கு முழுக்கப் போய்விட்டதால், குழப்பம் வராமல் இருக்கப் புதிதாக ஒன்று வேண்டியிருந்தது என்றார். அவருக்குச் சொல் இல்லை, செய்தார். நமக்குக் கைநிறைய இருக்கிறது. மழை வலுக்கும், காய்ச்சல் ஏறும், வெயில் உறைக்கும், வலி கூடும், சண்டை முற்றும். இத்தனையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தேடும் பணி தீவிரம், பிரசாரம் தீவிரம், தூர்வாரும் பணி தீவிரம் என்று எழுதுகிறோம். (தூர்வாரும் பணி எந்த ஊரில் தீவிரமாக நடந்தது என்று தெரிந்தால் நானும் போய்ப் பார்ப்பேன்.)

சொல்லை மாற்றினாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது, உயிரோடு விளையாடுவது அதுதான். அறிக்கையில் வலுப்பெறுவது காற்று. நாம் அதை மழை என்று கேட்கிறோம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியது. அன்று கடலில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலச் சுழற்சி ஒன்றுதான், தாழ்வு மண்டலத்துக்கும் கீழ்ப்படி. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து வலுவிழந்தது. ‘வலுவிழந்தது’ என்று படித்ததும் ஆபத்து நீங்கியதாகத்தானே தோன்றும்? கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலை பதிவான மழை 50 செ.மீ. எனவே ‘வலுவிழந்தது’ என்று எழுதும் அதே வரியில், மழை எங்கே எதுவரை இருக்கும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஒக்கி புயலையும் மறக்க முடியவில்லை. 2017 நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலம், மறுநாள் காலை புயல். கன்னியாகுமரிப் படகுகள் அப்போது கடலுக்குள் இருந்தன. அந்த ஒரு நாளில் ‘வலுப்பெறும்’ என்ற வெறும் சொல்லால் யாருக்கும் பயனில்லை. எவ்வளவு வேகமாக என்பதுதான் சேதி. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கி.மீ. அளவுக்குக் கூடினால் ஆங்கிலத்தில் அதற்கு ‘ரேபிட் இன்டென்சிஃபிகேஷன்’ என்று தனிப்பெயரே உண்டு. தமிழில் ‘விரைந்து வலுப்பெறுகிறது’ என்று எழுதலாம். அதையும் ‘மேலும் தீவிரம்’ என்று முடித்துவிடாதீர்கள்.

சரி, இடமில்லை என்பீர்கள். ‘தாழ்வு மண்டலம் வலுப்பெற்றுப் புயலானது, காற்று மணிக்கு 65 கி.மீ.’ ஒரு மாதிரி ஸ்க்ரோலில் இதைப் பொருத்திப் பார்த்தேன். ‘பிரேக்கிங்’ என்ற சிவப்புக் கட்டத்தைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்க்ரோலை அம்மாவுக்குப் போனில் விளக்கும் ஒரு வாசகன்