செல்போன் வயரை அறுத்தது யார்? மாத நாவல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். மாத நாவல் தொழில் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் பஸ் நிலையக் கடையில் ஒரு நாவல் தொங்கியது. அட்டையில் 'புத்தம் புதிய க்ரைம் நாவல்' என்று மஞ்சள் எழுத்து. வாங்கினேன். ஐந்தாம் பக்கத்தில் வில்லன் மதிலேறிக் குதித்து, வராந்தாவுக்கு வந்து, கத்தியை எடுத்து செல்போன் வயரை அறுக்கிறான்.

எங்கேயோ பார்த்த மதிலாக இருக்கிறதே என்று மேலே படித்தேன். என் மதில்தான். 1997-ல் நான் எழுதியது. தலைப்பு வேறு, எழுதியவர் பெயரும் வேறு. யாரோ ஒரு அம்மாள். 'டெலிபோன்' என்று இருந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் 'செல்போன்' ஆக்கியிருக்கிறார்கள். கதாநாயகி செல்போன் ரிசீவரை எடுத்துக் காதில் வைக்கிறாள், சத்தமே இல்லை. நடுராத்திரியில் தெருக்கோடி எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுகிறாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அங்கே இருக்கிற செல்போனில் போலீஸைக் கூப்பிடுகிறாள்.

முதலில் சிரிப்புதான் வந்தது. பஸ் ஊரைத் தாண்டிய பிறகு கோபம் வந்தது.

பதிப்பகத்துக்குப் பேசினேன். "சார், அப்பவே ஃபுல் செட்டில்மென்ட் வாங்கிட்டீங்களே, வவுச்சர் இருக்கு" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அந்த வவுச்சரை நானும் மறக்கவில்லை. ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து ஆறு ராத்திரியில் எழுதிய நாவல் அது. எழுத ஆரம்பிக்கும் முன்பே தலைப்பு விளம்பரமாகிவிட்டது, அட்டையும் அச்சாகிவிட்டது. அட்டைப் பெண் கையில் துப்பாக்கி. என் கதையிலோ துப்பாக்கியே கிடையாது. "எங்கேயாவது ஒரு துப்பாக்கி நுழைச்சிடுங்க சார்" என்று தகவல் வந்ததால் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கியை நுழைத்தேன். கடைசிப் பக்கத்தின் மை காய்வதற்குள் சைக்கிளை மிதித்துப் போய் ரயில் நிலைய ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் ஆபீஸில், கவரைப் போட்டேன். கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்றுதான். அது திரும்பி வரவே இல்லை. பதினைந்து நாள் கழித்துப் பணம் வந்தது. 'தொகை பெற்றுக்கொண்டேன்' என்று ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

ஐயா, பணம் வாங்கியதற்கு ரசீது வேறு, உரிமையை எழுதிக்கொடுப்பது வேறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், என்ன தொகை என்று சொல்ல வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. வவுச்சரையே ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டாலும் 2002-லேயே கதை முடிந்தது. 57-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. உரிமையை விற்றே இருந்தாலும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளவும், படைப்பைச் சிதைத்து என் பெயரைக் கெடுத்தால் தடுக்கவும் எனக்கு உரிமை உண்டு. (இந்தப் பதிப்பில் என் பெயரே இல்லாததால் பெயர் கெடவில்லை என்று நீங்கள் வாதாடலாம். நல்ல ட்விஸ்ட், நானே ஒரு நாவலில் வைத்திருப்பேன்.)

நான் கேட்பது இதுதான். மறுபதிப்பு போடும் முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தொகையை எழுத்தில் பேசி, கொடுங்கள்.

நாங்கள் இலக்கியவாதிகள் இல்லை, தெரியும். சாணித்தாளில் அச்சாகி, ரயிலில் படித்து, இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிற எழுத்து என்பார்கள். இருக்கட்டும். 2008-ல் சென்னைப் பதிப்பகம் ஒன்று ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் போன்ற மாத நாவல் எழுத்தாளர்களின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அதே அட்டைப்படங்கள் திடீரென்று கலையாகிவிட்டன. டிவி சீரியல் வந்து வாசகரைக் கொண்டுபோனபோது நம் இரண்டு பேருக்கும்தான் அடி. இப்போது எங்கள் கதைகளை யூடியூபில் யார் யாரோ வாசிக்கிறார்கள். நடுவில் விளம்பரம் வருகிறது. அந்தக் காசு யாருக்குப் போகிறது என்பதுதான் இன்றைய தேதிக்கு நல்ல மர்ம நாவல். துப்பறிய என்னிடம் ஆள் இல்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

உங்களில் பலர் காகித விலை ஏறிய காலத்திலும் சொன்ன தேதியில் பணம் அனுப்பியவர்கள். என் மூத்த மகளின் காலேஜ் ஃபீஸில் உங்கள் மணியார்டரும் சேர்ந்திருக்கிறது, அதை மறக்கவில்லை. அதனால்தான் வக்கீல் நோட்டீஸுக்குப் பதிலாக இந்த மடல். மறுபதிப்பு போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், தொகையை எழுத்தில் பேசுங்கள், முதலில் வெளிவந்த ஆண்டையும் எழுதியவர் பெயரையும் உள்பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். என்னோடு எழுதிய பலர் இன்று இல்லை. அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுக்கு உரிமை குடும்பத்துக்கு உண்டு. அவர்கள் வீட்டாரையும் தயவுசெய்து தேடிப்பிடித்துக் கேளுங்கள்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். அடுத்த பதிப்பிலாவது அந்தப் பெண்ணுக்கு அவளுடைய டெலிபோனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வயர் அறுந்ததாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஏழாம் அத்தியாயத்தில் துப்பாக்கி நுழைத்தவன்