எந்த ஊரிலும் வளரும் என்று விற்கப்பட்ட சைக்ளமென் செடிகள் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், இணையவழிச் செடி விற்பனை நிறுவனம்
நாள்: மார்ச் 24

பொருள்: தவறான வளர்ப்புக் குறிப்புடன் விற்ற சைக்ளமென் செடிகள், வேறு செடியின் கிழங்குகளைக் கலந்து அனுப்பியது, புகாருக்கு முறையான பதில் தராதது ஆகியவை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

ஜனவரி 8 அன்று உங்கள் இணையக் கடையில் பூத்த நிலையில் இருந்த 2 சைக்ளமென் தொட்டிச் செடிகளும் (ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை) 5 கிழங்குகள் கொண்ட ஒரு பொட்டலமும் வாங்கினேன். செடி ஒன்றுக்கு 649 ரூபாய், கிழங்குப் பொட்டலம் 799 ரூபாய், அனுப்பும் செலவு 120 ரூபாய், மொத்தம் 2,217 ரூபாய். பொங்கலுக்கு முந்தைய நாள் பெட்டி வந்து சேர்ந்தது. இன்று சிவப்புச் செடி இல்லை. வெள்ளைச் செடியில் ஓர் இலைகூட இல்லை. கிழங்குகளில் 3 அழுகிவிட்டன, 2 முளைத்தன. முளைத்தவை சைக்ளமெனே அல்ல. ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது, அதுவும் தவறு என்மீதுதான் என்று சொன்னது. ஆகவே இந்த மூன்றாவது கடிதத்தில் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

என் தங்கை குன்னூரில் இருக்கிறாள். அவள் வீட்டு வராந்தாவில் 7 ஆண்டுகளாக ஒரு சைக்ளமென் வளர்கிறது. இதய வடிவ இலைகளில் வெள்ளிக் கோலம் போட்டதுபோல் வரிகள் ஓடும். அவற்றுக்கு மேலே, ஒற்றைக் காம்புகளில், இதழ்களைப் பின்பக்கம் மடித்துக்கொண்டு பூக்கள் நிற்கும். போகும்போதெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் ஊர் வெக்கையில் அது நிற்காது என்று நானே நினைத்து ஆசையை அடக்கி வைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது உங்கள் விற்பனைப் பக்கம். "எல்லாத் தட்பவெப்பத்திலும் வளரும், ஆண்டு முழுவதும் பூக்கும், பாரசீக நாட்டுச் செடி என்பதால் வெயில் தாங்கும்" என்று அங்கே எழுதியிருந்தீர்கள். பணம் கட்டும் முன் பின்கோடு கேட்டீர்கள். 629 என்று தொடங்கும் எங்கள் எண்ணைக் கொடுத்தேன். உங்கள் பகுதிக்கு அனுப்பலாம் என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது. அந்த எண்ணைக் கொண்டு, இது கடலோர மாவட்டம், இங்கே இந்தச் செடி சில வாரங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது என்று ஒரு வரி சொல்லியிருக்க முடியும். அப்படிச் சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

பெட்டியில் ஒரு வளர்ப்பு அட்டை இருந்தது. தினமும் செடியின் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும், நேரடி வெயிலில் வைக்க வேண்டும், கிழங்கை 2 அங்குல ஆழத்தில் புதைக்க வேண்டும், வீட்டுப் பிராணிகளுக்குப் பாதுகாப்பானது என்று நான்கு குறிப்புகள். நான்குமே தவறு. இது என் சொந்தக் கருத்தாக இருந்தால் எழுதத் தயங்கியிருப்பேன். சைக்ளமென் வளர்க்கும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

சிவப்புச் செடியை முதல் 10 நாள் உங்கள் அட்டை சொன்னபடியே வளர்த்தேன். முற்றத்தில் வெயில் படும் இடத்தில் வைத்து, காலையில் ஒரு செம்புத் தண்ணீர் மேலே ஊற்றினேன். தொட்டி முழுவதும் வெறும் தென்னைநார்க் கழிவு. அது தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டது. ஆறாம் நாள் பூக்காம்புகள் சரிந்தன. வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பத்தாம் நாள் இலைகளை ஒதுக்கிப் பார்த்தபோது, காம்புகள் பிறக்கும் நடுப்பகுதி கூழாகிக் கிடந்தது. கிழங்கைத் தொட்டதும் விரல் உள்ளே இறங்கியது. அழுகல் நாற்றம் கையைவிட்டுப் போகவே இல்லை.

அன்று இரவே தங்கையை அழைத்தேன். அட்டையைப் படித்துக் காட்டியதும் அவள் திகைத்துப்போனாள். சைக்ளமென் கிழங்கின் மேல்பாதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும், நடுவில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்றாள். தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் தொட்டியை கால்மணி நேரம் வைக்க வேண்டும், மேல்மண் ஈரமானதும் எடுத்து மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், மறுபடி மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வாடிய பூவையும் பழுத்த இலையையும் கத்தரியால் வெட்டக் கூடாது, காம்பை அடியில் பிடித்துத் திருகிச் சுண்டி இழுக்க வேண்டும், துண்டுக்காம்பு மிஞ்சினால் அங்கிருந்தே அழுகல் தொடங்கும் என்றும் சொன்னாள். வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயில் கூடாது. வெள்ளைச் செடியை அந்த நிமிடமே வடக்குத் திண்ணைக்கு மாற்றி, அவள் சொன்னபடி கவனிக்கத் தொடங்கினேன்.

அந்தச் செடி அழுகவில்லை. ஆனாலும் நிற்கவில்லை. இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அதிகத் தண்ணீரே காரணம் என்ற உங்கள் பதில் இங்கே பொருந்தாது. மொட்டுகள் இலைகளுக்குள்ளேயே காய்ந்தன. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, பிப்ரவரி இறுதியில் கடைசி இலையும் விழுந்தது. சைக்ளமெனுக்கு ஏற்ற வெப்பம் சுமார் 10 முதல் 18 டிகிரி வரை. 20-ஐத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால், கோடை வந்துவிட்டது என்று எண்ணி அது உறங்கப் போய்விடும். எங்கள் திண்ணையில் வெப்பமானி மாட்டிப் பார்த்தேன். ஆண்டின் மிகக் குளிர்ந்த காலமான ஜனவரியிலேயே பிற்பகலில் 31, விடியற்காலையில் 23. ஏசி அறையில் வைக்கும்படி உங்கள் பதிலில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில், அதுவும் இரவில் சில மணி நேரம் 25 டிகிரியில் ஓடும். ஒரு செடிக்காக இரவும் பகலும் அறையைக் குளிர வைக்க வேண்டும் என்றால், அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

பாரசீகச் செடி என்பதால் வெயில் தாங்கும் என்ற வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதன் தாவரவியல் பெயர் சைக்ளமென் பெர்சிகம் என்பது உண்மைதான். ஆனால் பெயரில் பாரசீகம் இருந்தாலும் இது ஈரானில் இயற்கையாக வளரும் செடி அல்ல. துருக்கி, சிரியா, லெபனான், சைப்ரஸ், கிரேக்கத் தீவுகள் என்று மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை நாடுகளே இதன் தாயகம். அங்கே குளிர்காலத்தில்தான் மழை. செடி அந்த மழையில் இலைவிட்டுப் பூத்து, வறண்ட கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். அங்கே வெயில் இருக்கிறது, ஆனால் செடி அந்த வெயிலில் வளர்வதில்லை, அதற்கு ஒளிந்துகொள்கிறது. எங்கள் மாவட்டத்திலோ எல்லாம் தலைகீழ். கிழங்கு காய்ந்து உறங்க வேண்டிய ஜூன் மாதத்தில்தான் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அது விழித்து வளர வேண்டிய நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் புழுக்கமும் சேர்ந்து வரும். இரண்டு மழைகளையும் வாங்கும் இந்த மண்ணில் நல்லமிளகும் கிராம்பும் ரப்பரும் செழிக்கின்றன. இங்கே வளரும் செடிகள் எங்களுக்கு எத்தனையோ உண்டு. வளராததை வளரும் என்று சொல்லி விற்றதுதான் என் குறை.

அடுத்து, கிழங்குப் பொட்டலம். சைக்ளமென் கிழங்கு உருண்டையாக, சற்றுத் தட்டையாக இருக்கும், மேல்நடுவில் முளைகள் இருக்கும். நீங்கள் அனுப்பியவற்றில் 3 அப்படி இருந்தன. மற்ற 2 முண்டும் முடிச்சுமாக, பல கண்களோடு இருந்தன. எனக்கு அப்போதே சந்தேகம். இருந்தாலும் அட்டை சொன்ன ஆழத்தில் ஐந்தையும் நட்டேன். உருண்டைக் கிழங்குகள் மூன்றும் அழுகின. மற்றவை பிப்ரவரி கடைசி வாரம் முளைத்தன. இலை சுருட்டிய கூம்பாக வெளியே வந்து விரிந்தது. சேம்பு வளர்க்கும் வீட்டில் பிறந்தவள் நான். சேம்புக் குடும்பத்து இலை எப்படி வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரிந்ததும் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன. அது கலேடியம். இந்தப் பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும் செடி. அதன் இலையும் இதய வடிவம்தான், ஆகவே படத்தைப் பார்த்து வாங்கும் ஒருவர் கடைசிவரை அதைச் சைக்ளமென் என்றே நம்பியிருப்பார்.

பொட்டலத்தின் மேல் இறக்குமதிக் கிழங்கு என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து செடியோ கிழங்கோ கொண்டுவர தாவரத் தொற்றுத்தடைச் சான்று வேண்டும். சைக்ளமென் இனம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலிலும் இருக்கிறது, உறங்கும் கிழங்குகளுக்கு அதில் விலக்கு இல்லை. காட்டில் தோண்டி எடுத்த கிழங்கை என் காசில் வாங்க எனக்கு விருப்பமில்லை. இவை எங்கே வளர்க்கப்பட்டவை என்று முதல் கடிதத்திலேயே கேட்டேன். அந்தக் கேள்வியை நீங்கள் தொடவே இல்லை.

என்னை மிகவும் கலங்க வைத்தது அட்டையின் கடைசிக் குறிப்பு. எங்கள் வீட்டில் ஒரு பூனை உண்டு. ஈரமண்ணைக் கண்டால் பறிக்காமல் விடாது. கிழங்கு நட்ட தொட்டியை ஒரு நாள் தோண்டிக் கிழங்கை வெளியே இழுத்துப் போட்டிருந்தது. நல்லவேளை, கடிக்கவில்லை. பாதுகாப்பானது என்று எழுதியிருந்ததால் நானும் சிரித்துவிட்டு மறுபடி நட்டேன். தங்கை சொன்ன பிறகுதான் தெரிந்தது, சைக்ளமெனில் சப்போனின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, நாய்க்கும் பூனைக்கும் வாந்தி, பேதி உண்டாக்கும், அதிகம் தின்றால் உயிருக்கே ஆபத்து, நஞ்சு மிகுந்திருப்பது கிழங்கில்தான் என்று. நான் அன்று சிரித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பணத்தை மறந்துவிடலாம். இதை மறக்க முடியாது. இந்த அட்டை இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறதோ.

பிப்ரவரி 10 அன்று படங்களுடன் முதல் புகார் அனுப்பினேன். 11 நாள் கழித்து வந்த பதிலில், செடிகள் உயிருள்ள பொருள்கள், பெட்டி வந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் மட்டுமே மாற்றித் தருவோம், அதிகத் தண்ணீர் ஊற்றியது வாடிக்கையாளரின் தவறு என்று இருந்தது. தினமும் ஊற்றச் சொன்னது நீங்கள். கிழங்கு வேறு செடி என்று 24 மணி நேரத்தில் எந்த வாடிக்கையாளரால் கண்டுபிடிக்க முடியும்? அது முளைக்கவே 6 வாரம் ஆனது. மார்ச் 5 அன்று எழுதிய இரண்டாம் கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

எங்கள் மாவட்டத்தின் தோவாளையில் பெரிய பூச்சந்தை இருக்கிறது. அங்கே வாங்கும் பிச்சிப்பூ மறுநாள் வாடிவிடும். யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் இன்றே கட்டிவிடுங்கள், நாளைக்கு நிற்காது என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். நீங்களும் இதை மூன்று வாரம் வைத்து ரசிக்கும் பூ என்று சொல்லி விற்றிருக்கலாம். விரும்புகிறவர்கள் தெரிந்தே வாங்கியிருப்பார்கள்.

முழுத்தொகை 2,217 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். விற்பனைப் பக்கத்திலும் அட்டையிலும் உள்ள தவறான குறிப்புகளை நீக்கி, இது குளிர்ந்த இடத்துச் செடி என்பதையும், பூனைக்கும் நாய்க்கும் நஞ்சு என்பதையும் கண்ணில் படும்படி எழுத வேண்டும். இதே அட்டையுடன் வாங்கிய மற்றவர்களுக்கு, குறிப்பாக நஞ்சு பற்றி, இந்த வாரமே செய்தி அனுப்ப வேண்டும். பணத்தைவிட இது எனக்கு முக்கியம். கிழங்குகள் எங்கிருந்து வந்தன என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தருவது குறைதீர்ப்பு அலுவலரின் கடமை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கவும் விற்பவருக்கு உரிமை இல்லை. என் முதல் புகாருக்கு இன்றோடு 42 நாள் முடிந்துவிட்டது. ஏப்ரல் 8-க்குள் தீர்வு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

பில், அட்டையின் இரு பக்கங்கள், விற்பனைப் பக்கத்தின் படம், வெப்பமானி காட்டிய அளவுகள், அழுகிய கிழங்குகள், முளைத்த கலேடியம் ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன். கலேடியம் இரண்டையும் பிடுங்காமல் வைத்திருக்கிறேன், உங்கள் ஆள் யாரேனும் வந்தால் நேரில் காட்டுவேன். வெள்ளைச் செடியின் கிழங்கு இன்னும் கெட்டியாக இருக்கிறது. மண்ணைக் காயவிட்டு, பூனைக்கு எட்டாத பரணில் வைத்திருக்கிறேன். ஏப்ரலில் வரும் தங்கை அதைக் குன்னூருக்கு எடுத்துப் போகிறாள்.

இப்படிக்கு,
தக்கலை வாடிக்கையாளர்