கடைமடையின் 62 நெல் ரகங்களுக்கு ஓர் உலர் விதையறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். வேதாரண்யம் வட்டத்தின் கடைமடை ஊர்கள் சிலவற்றைச் சேர்ந்த உழவர்களும், அவ்வூர்களிலிருந்து வெளியூர் சென்று வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து நடத்தும் விதைநெல் காப்புக் குழுவின் சார்பில் இதை எழுதுகிறோம். எங்கள் கைவசம் இன்று 62 பாரம்பரிய நெல் ரகங்களின் விதை இருக்கிறது. அந்த விதையை ஈரம் ஏறாமல் காக்க ஓர் உலர் அறை கட்டவும், ஒவ்வொரு ரகத்தின் குணத்தையும் வயலில் அளந்து, பயிர் மேம்பாட்டு ஆய்வாளர்களுக்குப் பயன்படும் வகையில் பதிவு செய்யவும் ரூ. 8,61,000 தேவைப்படுகிறது. ஊர்களுக்குள் வசூலித்ததில் ரூ. 2,11,000 சேர்ந்துவிட்டது. மீதமுள்ள ரூ. 6,50,000-க்காகவே உங்களிடம் வருகிறோம்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது பருவம் பாதி கடந்திருக்கும். சில ஆண்டுகளில் வராமலே போவதும் உண்டு. மழையை நம்பிப் புழுதியில் விதைத்த நெல், கார்த்திகை வெள்ளத்தில் நின்று, பிறகு தையில் உப்பு மேலேறும் மண்ணிலேயே கதிர் முற்ற வேண்டும். இத்தனையையும் பொறுத்துக்கொள்ளும் நெல்லை எங்கள் முன்னோர் ஒரே நாளில் கண்டெடுத்துவிடவில்லை. உவர்த் திட்டில் மற்றவை கருகியபோதும் பச்சை மாறாமல் நின்ற குத்தின் கதிரைத் தனியே கொய்து, அடுத்த ஆண்டுக்கு அதையே விதையாக வைத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்த தேர்வின் பலன் அது. குழியடிச்சான், களர்பாளை, குடவாழை, காட்டுயானம் என்று நாம் சொல்லும் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்தத் தேர்வு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடல்நீர் புகுந்த வயல்களில் பிறகு என்ன விளையும் என்ற கேள்வி எழுந்தபோது, நாகை மாவட்டக் கடலோரத்தில் பல உழவர்கள் உப்பைத் தாங்கும் இந்தப் பழைய ரகங்களைத்தான் தேடினார்கள். அப்போதே பலரது வீட்டில் விதை இல்லை.

அந்தத் தேடலுக்கு வழிகாட்டியவர் நெல் ஜெயராமன். 2006 முதல் திருத்துறைப்பூண்டி அருகேயுள்ள ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 ரகங்களைத் திரட்டி, 2018 டிசம்பரில் மறைந்த அவருக்கு இந்தப் பகுதி உழவர்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. இரண்டு கிலோ விதை வாங்கியவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவது என்று அவர் நடைமுறைப்படுத்திய ஒழுங்கையே நாங்களும் பின்பற்றுகிறோம்.

விதையைத் திரட்டுவதைவிட அதை உயிரோடு வைத்திருப்பதே கடினம் என்பதை நாங்கள் இழப்பின் வழியாகத்தான் கற்றோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, எங்கள் உறுப்பினர் ஒருவரின் ஓட்டு வீட்டில் பரணில் இருந்த விதைப் பானைகளின் மேல் கூரை இறங்கியது. மூன்று நாள் கழித்து ஈரக் களிமண்ணைத் தள்ளிவிட்டுப் பானைகளை எடுத்தபோது, நெல் பானைக்குள்ளேயே முளை கட்டி, வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வயலில் நின்ற பயிரும் சாய்ந்துவிட்டதால் அவற்றில் மூன்று ரகங்களை எங்களால் மீட்க இயலவில்லை. வேறு யாரிடமாவது இருக்கும் என்று பல ஊர்களில் கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மற்றோர் ஆண்டு, இரண்டு ரகங்களின் பானைகளுக்குள் போட்டிருந்த பெயர்ச் சீட்டுகளைப் பூச்சி அரித்துவிட்டது. இரண்டும் சிவப்பரிசி, உமியின் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. நாற்றில் தெரியவில்லை, தூர் கட்டியபோதும் தெரியவில்லை. ஒன்று பூத்துப் பால் பிடித்த பிறகும் மற்றொன்று இலையாகவே நின்றபோதுதான் எது எதுவென்று பிரித்தோம்.

விதைக்கு முதல் எதிரி ஈரம். விதையின் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும், வெப்பநிலையில் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் மேலும் இரு மடங்காகும் என்பது விதை அறிவியலில் ஹாரிங்டன் வகுத்த தோராயக் கணக்கு. எங்கள் கடலோரக் காற்றிலோ, வெயிலில் நன்றாகக் காய வைத்த நெல்லும் ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு வருடம் விதைக்காமல் விட்டால் முளைப்பு விழுந்துவிடுகிறது. 62 ரகங்களையும் ஒவ்வோர் ஆண்டும் விதைத்தே தீர வேண்டியிருக்கிறது. ரகத்துக்கு 5 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தி என்றால் பயிருக்கு 31 சென்ட் போதும். ஆனால் கலப்பு வராமல் இருக்க, விதைச் சான்றளிப்பில் நெல்லுக்குச் சொல்லும் 3 மீட்டர் இடைவெளியை விட்டால் சுமார் 86 சென்ட் ஆகிறது. அத்தனை பாத்திகளிலும் கலவனை (இடையே முளைத்த வேறு ரகச் செடிகளை) பிடுங்கி, தனித்தனியே அறுத்து, தனித்தனியே அடித்து, ஒன்றின் மணி மற்றொன்றில் விழாமல் களத்தைக் கூட்டிக் கூட்டிச் சுத்தம் செய்ய எங்களிடம் ஆள் இல்லை. கலப்பு பெரும்பாலும் பூவில் நேர்வதில்லை, களத்தில்தான் நேர்கிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். விதையை முறையாக உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் இட்டுக் குளிரில் வைக்க முடிந்தால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு ரகங்களை மட்டும் விதைத்துப் புதுப்பித்தால் போதும். இந்தத் திட்டம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே வகுக்கப்பட்டிருக்கிறது.

ஊர்ப் பெருமைக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம், புல்தன்மைக் குட்டை நச்சுயிரி நோய்க்கு எதிர்ப்புத் தேடி 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில்தான் அது கிடைத்தது. 1976-இல் வெளிவந்து ஆசியா முழுவதும் பரவிய ஐ.ஆர். 36 அந்த எதிர்ப்பைப் பெற்று வந்த ரகம். ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து எடுத்த பண்பு, இரண்டு வாரம் நீருக்குள் மூழ்கினாலும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்-1 ஆக 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. அதே பண்பைச் சேர்த்த சி.ஆர். 1009 சப்-1 இன்று நம் டெல்டா வயல்களிலேயே நிற்கிறது. கேரளக் கடலோரத்தின் பொக்காளி நெல்தான் உப்பைத் தாங்கும் ரகங்களை உருவாக்க உலகெங்கும் பயன்படும் மூலங்களில் முதன்மையானது. நம் வீடுகளில் நாள்தோறும் வேகும் பி.பி.டி. 5204 அரிசியின் பெற்றோரில் ஒன்று, 1921-இல் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஜி.இ.பி. 24. இவற்றில் எதுவும், அந்த மூல விதை யாரோ ஒருவர் கையில் உயிரோடும் சரியான பெயரோடும் இருந்திராவிட்டால், நடந்திருக்காது.

சரியான பெயரோடு என்பதை அழுத்திச் சொல்கிறோம். எந்த ஊரில், எந்த மண்ணில், எந்தப் பட்டத்தில் விளைந்தது, எத்தனை நாளில் பூத்தது என்ற குறிப்பில்லாத விதைப் பொட்டலம் ஆய்வாளருக்கு அதிகம் உதவாது. ஆகவே ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் ஏடு தொடங்குகிறோம். உயரம், தூர் எண்ணிக்கை, பூக்கும் நாள், ஆயிரம் மணியின் எடை, அரிசியின் நிறம் ஆகியவற்றோடு, அதைப் பயிரிட்ட மூத்தவர்கள் சொல்லும் குணங்களையும் அவர்கள் சொன்னபடியே எழுதுகிறோம். உவர் நிலத்தில் ஒரு சோதனைப் பாத்தி அமைத்து, மண்ணின் உப்பளவை மாதந்தோறும் அளந்து, எந்த ரகம் எந்த அளவில் வாடத் தொடங்குகிறது என்று பார்ப்பதே இதில் அதிகச் செலவு பிடிக்கும் வேலை.

தொகை செல்லும் வழி இது. தரையை மூன்றடி உயர்த்தி, புயல் தாங்கும் கான்கிரீட் கூரையோடு அறை கட்ட ரூ. 4,10,000. உலர்த்தும் கருவி, ஈரப்பதமானி, உறைகலப் பெட்டி, அலுமினியத் தகட்டு உறைகள், மின்தடைக்கான மாற்று ஏற்பாடு ஆகியவற்றுக்கு ரூ. 1,60,000. ஒரு ரகத்தை ஒரு போகம் பயிரிட்டுக் கலப்பின்றி அறுத்தெடுக்க ரூ. 1,500 ஆகிறது; முதல் ஆண்டு 62 ரகங்கள், அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஆண்டுக்கு 21 ரகங்கள் என்ற கணக்கில், மூன்றாண்டுக் குத்தகையும் சேர்த்து ரூ. 2,01,000. மண், விதைப் பரிசோதனைகளுக்கும் ஏடுகளுக்கும் ரூ. 90,000. குழுவில் யாருக்கும் ஊதியம் இல்லை.

ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பகுதியைப் புதுதில்லியில் உள்ள தேசிய தாவர மரபணு வள வாரியத்தின் மரபணு வங்கியில், மைனஸ் 18 டிகிரியில் நீண்டகாலச் சேமிப்பில் வைக்கத் தருவதென்று முடிவு செய்துள்ளோம். எங்கள் அறைக்கு மீண்டும் ஒரு புயல் வந்தாலும் விதை அழியக் கூடாது. அப்படித் தருவதால் நம் உரிமை போய்விடுமோ என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்: உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயர் இன்றி விற்கவும் உள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் தாவர வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உறுதி செய்கிறது, உழவர் ரகங்களைப் பதிவு செய்யவும் அதில் இடம் உண்டு. எங்கள் ரகங்களை ஊர்ப் பெயரில் பதிவு செய்யும் வேலையும் இந்த ஏடுகள் முடிந்ததும் தொடங்கும்.

ரூ. 1,500 தருபவர் ஒரு ரகத்தின் ஒரு போகத்தை ஏற்கிறார்; அந்த ரகத்தின் ஏட்டின் நகல் அறுவடைக்குப் பின் அவருக்கு அனுப்பப்படும். இயலாதவர்கள் நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. வருமான வரிச் சலுகைக்கான பதிவு எங்களுக்கு இன்னும் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். செங்கல், சிமெண்ட், கம்பி, கொத்தனார் வேலை ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் வீட்டுப் பத்தாயத்திலோ பரணிலோ பெயர் தெரிந்த பழைய விதைநெல் ஒரு படி இருந்தால், தயவுசெய்து அதையும் தாருங்கள். அதைப் பயிரிட்ட உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஒரு மணி நேரம் பேச எங்களுக்கு அனுமதியும் தாருங்கள். வரவு செலவுக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர்ப் பொதுவில் படிக்கப்பட்டு, நன்கொடை தந்த அனைவருக்கும் அனுப்பப்படும்.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் மண் சாலையில் செங்கல் வண்டி வராது. ஆவணிக்குள் சுவர் எழும்பி, புரட்டாசிக்குள் கூரை போட்டால்தான் தை அறுவடை நெல் நேரே உலர் அறைக்குப் போகும். தவறினால் அந்த ஆண்டு விதையும் பானைக்கே திரும்பும். ஆகவே ஆடி மாத இறுதிக்குள் உங்கள் நன்கொடை வந்து சேருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விதைநெல் காப்புக் குழுவினர்