பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். விசில் ஊதியதும் பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அதனால்தான் மோதல் ஃபவுல், அவுட் விதிகளைப் பற்றிய இந்த மடல் நடுவர்களுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

"அசையாம நில்லு, அவன் வந்து இடிச்சா சார்ஜிங்" என்று பல மைதானங்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சார்ஜிங் என்றால் பந்தோடு வருபவர் தடுப்பவரை இடிக்கும் ஃபவுல். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் அப்படி இல்லை. தடுப்பவர் எதிராளியைப் பார்த்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஒருமுறை இடம்பிடித்துவிட்டால் போதும். அப்புறம் பக்கவாட்டில் நகரலாம், பின்வாங்கலாம், கையைத் தூக்கி நேர் மேலே குதிக்கலாம். ஆளை நோக்கி முன்னே பாயத்தான் கூடாது. அப்படி நகரும்போது பந்தோடு வருபவர் தடுப்பவரின் நெஞ்சில் மோதினாலும் ஃபவுல் பந்தோடு வருபவர் மேல்தான்.

அசையாமல் நின்றாலே போதும் என்று நம்பும் பிள்ளை, எதிராளி லே-அப்புக்கு (ஓடிவந்து கூடைக்கு அருகில் குதித்துப் பந்தைப் போடுவதற்கு) எழும்பிய பிறகு ஓடிப்போய்க் கீழே நின்றுகொள்கிறது. "நான் நின்னுட்டுத்தானே சார் இருந்தேன்" என்று அழுகிறது. என் பெரிய கவலை இதுதான். காற்றில் இருப்பவரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. எழும்பிய நேரத்தில் காலியாக இருந்த இடத்தில் இறங்கும் உரிமையை விதி அவருக்கே தருகிறது. அந்த இடத்தில் யாராவது புகுந்தால் கணுக்கால் பிசகும், தலை சிமென்ட் தரையில் அடிபடும். கூடைக்குக் கீழே 1.25 மீட்டர் ஆர அரைவட்டம் இருப்பதும் இதற்காகத்தான். பந்தோடு எழும்பிக் கூடைக்கு எறிபவர், அதற்குள் சரியாக நிற்பவர் மேல் விழுந்தாலும் சார்ஜிங் கிடையாது. உங்கள் மைதானத்தில் அந்தக் கோடு இல்லையென்றால் சாக்பீஸால் வரைந்துவிடுங்கள்.

அவுட் விஷயம் இவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் சண்டை அதிகம். எல்லைக் கோடே வெளிதான். பந்து கோட்டைத் தாண்டிக் காற்றில் இருக்கும்வரை ஆட்டம் நடக்கிறது; ஆட்டக்காரர் உள்ளிருந்து எழும்பி, கால் தரையில் படுமுன் பந்தை உள்ளே எறிந்துவிட்டால் சரி. எதிரணி தட்டிய பந்து நம் பையன் முழங்காலில் பட்டு வெளியே போனால், பந்து அவர்களுக்கு. கடைசியாக யார் மேல் பட்டது என்பதில் நடுவர்களுக்கே சந்தேகம் வந்தால், மேஜையில் இருக்கும், பந்து அடுத்து எந்த அணிக்கு என்று மாறி மாறிக் காட்டும் அம்புக்குறி முடிவு செய்யும்.

வாரம் ஒருநாள் பயிற்சி ஆட்டத்தில் விசிலைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஊதுகிறவர் காரணத்தையும் சொல்லட்டும். அதற்கு நேரமில்லை என்றால், அடுத்த போட்டிக்கு முன்னால் இறங்கும் இடம் பற்றிய விதியை மட்டுமாவது சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆட்டங்களைத் தவறாமல் பார்க்கும் ஒரு பெற்றோர்